செங்காட்டூருக்கு விருந்து வந்த தோட்டம்

செங்காட்டூர் மேலத்தெருவில் வசித்துக் காலஞ்சென்ற வேலாண்டி அவர்களின் மூத்த புதல்வனும், நூற்பாலைப் பண்டகசாலையில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், எட்டாம் வகுப்போடு பள்ளியை நீங்கி ஏனைய கல்வி அனைத்தையும் சொந்த முயற்சியால் ஈட்டிக்கொண்டவனுமாகிய வே. திருமலைக்கொழுந்து என்னும் நான், எழுபத்தொரு வயது நிறைந்த நிலையில், நல்ல நினைவோடும் ஓரளவு நல்ல கண்பார்வையோடும், போர்ச்சுகல் நாட்டிலிருந்து ஒரு தோட்டம் எங்கள் ஊருக்கு வந்து தங்கிப் போன வரலாற்றை எழுதத் தொடங்குகிறேன்.

இவ்வரலாற்றை முன்பே பலரும் பலவாறாகச் சொல்லிவிட்டனர். ஆட்டு வியாபாரி பக்கீர் முகைதீன் சொல்லும்போது அதில் ஆடுகளே தலைமை தாங்குகின்றன. என் இல்லத்தரசி முப்புடாதி சொல்லும்போது நான் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறேன்; அங்கும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன். ஆகவே, கற்றவன் ஒருவன் முறையாக எழுதிவைப்பது கடமையாகிறது.

என் கல்வியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இளமையில் எடைக்கு வாங்கிய கலைக்களஞ்சியத்தின் ஒரே ஒரு தொகுதியை நான் பலமுறை ஓதியிருக்கிறேன். அது ‘த’வில் தொடங்கி ‘நௌ’வில் முடிவது. எனவே தந்தம், தேனீ, தோட்டக்கலை, நீரூற்று, நெப்டியூன் ஆகிய பொருள்களில் என்னை வெல்வார் எங்கள் வட்டாரத்தில் இல்லை. பருத்தி, மழை, வெள்ளரிக்காய் ஆகியவற்றைப் பற்றி நான் பேசத் துணிந்ததில்லை. ஓய்வு பெற்றபின் பத்தாம் வகுப்பையும், பின்னர் பன்னிரண்டையும், பின்னர் பட்டத்தையும் தபால் வழியே வென்றேன். அதன்பின், வேறு எந்தப் படிப்பின் பெயரும் ‘த’வுக்கும் ‘ந’வுக்கும் இவ்வளவு அருகில் அமையாமையால், ‘தொன்மைத் தோட்டங்களும் நிலத்தோற்றங்களும்’ என்னும் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அப்படிப்பின் ஒரு பகுதி அயல்நாட்டுக் கல்விச் சுற்றுலா என்று அறிந்தபோது என் மனைவி கேட்டது ஒன்றே: “அங்க போயி யாருகிட்ட பேசிட்டே இருப்பீங்க?”

விமான நிலையத்து அதிகாரி என் மாணவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்று கையில் கொடுத்தார். என்னோடு வந்த சக மாணவர் அனைவரும் என் பேரப்பிள்ளைகளின் வயதினர். என்னைச் ‘சக மாணவர்’ என்று அழைக்குமாறு முதல் நாளே கேட்டுக்கொண்டேன். அவர்களும் இசைந்து, அன்று முதல் கடைசி நாள்வரை ‘தாத்தா’ என்றே அழைத்தனர். அவர்களுள் நாகர்கோவிலைச் சேர்ந்த ஜெனிலின் என்னும் மாணவி மட்டும் நான் பேசத் தொடங்கினால் எழுந்து போகமாட்டாள். காதில் பாட்டுக் கேட்கும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

நாங்கள் கற்கச் சென்ற தோட்டம் சாந்தா லுசீந்தா என்னும் மலையடிவாரச் சிற்றூரில், உரிமையாளர் மரபு அற்றுப்போன ஒரு மாளிகையின் பின்புறம் இருந்தது. நூல் பிடித்தாற்போல் கத்தரித்த புதர்வேலிகளும், எலுமிச்சை மரங்களும், நீல ஓடு பதித்த நெடுஞ்சுவரும், மார்பை மறைக்க மறந்த சலவைக்கல் மங்கையரும், நடுவில் முச்சூலம் ஏந்திய கடற்கடவுள் நிற்கும் நீரூற்றும் அதன் உறுப்புகள். அதைப் பேணியவர் கிராசிந்தா என்னும் அம்மையார், என் வயதினர், இடுப்பில் சாவிக்கொத்து உடையவர். ஊற்றின் நீர் கல்வாய்க்கால் வழியே மதிலைக் கடந்து, ஊரின் துணி துவைக்கும் தொட்டிக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் போவதை அவர் எங்களுக்குப் பெருமிதத்தோடு காட்டினார். மாணவர்கள் படம் எடுத்தனர். நான் நீரூற்றின் வரலாற்றை அவருக்கே எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்; புறாக்கள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை.

புறப்படும் நாளில்தான் காரியம் நடந்தது. ஓர் இடத்தில் பழகியபின் ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று சொல்லாமல் எழுந்து வருவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. இரயிலில் பக்கத்து இருக்கையில் உறங்கியவரைக்கூட எழுப்பி அழைத்துவிட்டுத்தான் இறங்குவோம். அந்த அம்மையாரை முறையாக அழைப்பதற்காகத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக் காத்திருந்தேன். செங்காட்டூரிலிருந்து புறப்பட்ட வெற்றிலை அதற்குள் கருவாடாகியிருந்தது. அவர் மேல்வாயிலைப் பூட்டப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வோம் என்று தாம்பாளத்தை நீரூற்றின் விளிம்பில் வைத்து, கைகூப்பி, மேடைக்குரிய உரத்த குரலில், “தாங்கள் அவசியம் எங்கள் ஊருக்கு வரவேண்டும், குடும்பத்தோடு வரவேண்டும், வந்தால் உடனே போகக்கூடாது, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கி எங்களைக் கௌரவிக்க வேண்டும்” என்று உரைத்தேன். அழகாக அமைந்துவிட்டதால் இன்னொரு முறையும் உரைத்தேன். அப்போது பேருந்து ஒலியெழுப்பியது, “தாத்தா, வண்டிய விட்டுட்டு போயிருவாவ!” என்று ஜெனிலின் கத்தினாள், நான் ஓடினேன். அம்மையாரை அழைக்கவில்லை. தாம்பாளத்தையும் எடுக்கவில்லை.

பாக்கு வெற்றிலையை ஏற்றுக்கொண்டவர் வராமல் இருப்பது முறையன்று. அந்தத் தோட்டத்துக்கு அது தெரிந்திருந்தது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆட்டுச் சந்தைக்கு வந்த வியாபாரிகள் சந்தைத் திடலைக் காணாமல், அந்த இடத்தில் புதர்வேலியும் எலுமிச்சையும் நீலச்சுவரும் இருக்கக் கண்டு, ‘பஞ்சாயத்துக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்று முணுமுணுத்தபடி ஆடுகளை உள்ளே ஓட்டினர். தோட்டம் வந்த வழியைப் பற்றி ஐயமில்லை. அது துறைமுகத்தில் கரையேறியதை உப்பளத் தொழிலாளர் பார்த்திருந்தனர். நாற்கரச் சாலையின் சுங்கச் சாவடியில், இவ்வகை வாகனத்துக்குக் கட்டண விகிதம் எதுவும் எழுதப்படவில்லை என்று கம்பத்தைத் தூக்கிவிட்டிருந்தனர். எங்கள் ஊர் விலக்கில் தேநீர்க் கடைக்காரரின் கூரை உரசிவிடாதபடி எலுமிச்சை மரங்கள் சற்றுக் குனிந்து வந்தன என்று அவரே சொன்னார்.

செய்தி கேட்டு நான் சட்டையணிந்து சென்றபோது பக்கீர் முகைதீன் வாயிலில் நின்றிருந்தார்.

“ஓய் கொழுந்து, இது ஒம்ம ஆளா?”

“நான் அழைத்த விருந்து, பாய்.”

“விருந்தக் கூப்பிட்டா வீட்டுல வச்சுக்கிடணும்வே. சந்தையில கொண்டாந்து எறக்கியிருக்கீரு! ஆட்ட எங்க நிறுத்த?”

ஆனால் அன்று உச்சிப்பொழுதுக்குள் அவர் குறை தீர்ந்தது. கட்டங்கட்டமாகக் கத்தரித்த அந்தப் புதர்வேலிகள் ஆட்டுச் சந்தைக்கென்றே அளந்து போட்டவைபோல் அமைந்தன: ஒரு கட்டத்தில் வெள்ளாடு, ஒன்றில் செம்மறி, ஒன்றில் கன்னியாடு, துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசுவோர்க்கு நீலச்சுவரின் நிழல். ஆடுகள் வேலியைத் தின்றன. தின்ற இடத்தில் வேலி மறுவாரமே தழைத்தது. தழைத்தபோது பழைய கூம்பு வடிவத்தை விட்டு, வந்த இடத்துக்கு மரியாதையாக, ஆட்டின் வடிவத்தில் தழைத்தது. சலவைக்கல் மங்கையரைக் கண்டு மாதர் சங்கத்தார் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்து சுற்றினர். சேலை சுற்றியபின் அக்கல்மங்கையருள் ஒருத்தி தன் நாத்தனார் சாயலில் இருப்பதாகச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பனின் மனைவி சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடற்கடவுளுக்கு வேட்டி கட்டி, மடைக்காரசாமி என்று பெயரிட்டு, ஆடி முதல் வெள்ளியிலேயே பொங்கல் வைத்தனர். நான் அது நெப்டியூன் என்று விளக்க முற்பட்டபோது, “இருக்கட்டும், சாமிக்கு நாலு பேரு இருக்கத்தான் செய்யும்” என்று பூசாரி என்னை நகரச் சொன்னார்.

இவை யாவற்றினும் பெரிது அந்த நீர். செங்காட்டூரில் நிலத்தடி நீர் வற்றிப் பல ஆண்டுகளாகிவிட்டது. லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் அடுத்த லாரி. தோட்டம் வந்தபோது தன் ஊற்றையும் உடன் கொண்டுவந்திருந்தது. குடும்பத்தோடு வாருங்கள் என்றுதானே அழைத்தேன்? அந்த நீர் குளிர்ந்திருந்தது, இனித்தது, நிற்கவேயில்லை. ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்தனர். லாரிக்காரர் வேறு ஊர் பார்த்துப் போனார். சோற்றின் நிறம் மாறிற்று, வெளுத்த துணியின் நிறம் மாறிற்று, மருமகள்களின் பேச்சின் நிறமும் மாறிற்று என்பர்.

என் நிலையும் மாறிற்று. ‘பண்டகசாலை’ என்றும், ‘தபால் படிப்பு’ என்றும், சிலரால் ‘த-ந’ என்றும் அழைக்கப்பட்டவன், ‘தண்ணி கொண்டாந்த அண்ணாச்சி’ ஆனேன். தேநீர்க் கடையில் எழுந்து இடம் தந்தனர். திருமணங்களில் முதல் பந்தியில் அமர்த்தினர். நான் பேசினால் கேட்டனர். நீரூற்றின் வரலாற்றை முழுமையாக, குறுக்கீடின்றி, மூன்று அமர்வுகளில் நிகழ்த்தினேன். வாழ்க்கையில் வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

ஆடி பிறந்து சில நாள்களில் கிராசிந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். தோட்டம் போன தடத்தில் உதிர்ந்து கிடந்த எலுமிச்சை இலைகளைப் பார்த்தபடியே வந்ததாகச் சொன்னார். துணைக்கு நாகர்கோவிலிலிருந்து ஜெனிலின் வந்திருந்தாள். அம்மையார் தோட்டத்தைக் கண்டார். ஆட்டு வடிவ வேலிகளைக் கண்டு சிரித்தார். சேலையணிந்த மங்கையரைக் கண்டு மேலும் சிரித்தார். ஊற்றின் விளிம்பில் அமர்ந்தபோது அழுதார். பிறகு என்னிடம் ஏதோ கூறினார்.

ஜெனிலின் அலைபேசியின் துணையோடு மொழிபெயர்த்தாள்: “இவங்க சொல்லியும் அது வரல்லியாம் தாத்தா. கூப்பிட்டவங்க போகச் சொன்னாத்தான் போகுமாம். நீங்க சொல்லணுமாம்.”

“விருந்தினரை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது, அம்மா? மேலும் இது ஆடி மாதம். ஆடியில் யாரும் குடிபெயர மாட்டார்கள்.”

“அவங்க ஊருல தண்ணி இல்ல தாத்தா. அதுவும் போச்சுதுல்லா. அப்புறம், எங்க பேட்ச்ல பாதிப்பேரு இந்தத் தோட்டத்தப் பத்தித்தான் ஆய்வேடு எழுதுனோம். போய்ப் பாத்தா தோட்டமே இல்லன்னு மார்க்கு நிறுத்தி வச்சிருக்காவ.”

“ஆவணி பிறக்கட்டும்” என்றேன்.

அம்மையார் எங்கள் வீட்டிலேயே தங்கினார். முப்புடாதி தமிழிலும், அவர் தம் மொழியிலுமாக அடுப்படியில் அமர்ந்து பகல் முழுவதும் பேசினர். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரித்தார், ஒருவர் கேட்டதற்கு மற்றவர் புளியை எடுத்துக் கொடுத்தார். இடையில் அமர்ந்து ஆங்கிலத்தில் விளக்க முற்பட்ட என்னால்தான் குழப்பம் நேர்ந்தது. “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்று என் மனைவி சொன்னதையே அம்மையாரும் தம் மொழியில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆவணி பிறந்தது. முதல் நாள் ஞாயிறு; மேற்கே சூலம்; போர்ச்சுகல் மேற்கில் உள்ளது. மறுநாள் எனக்கு நெஞ்சுச்சளி. அதற்கு மறுநாள் செவ்வாய். இவ்வாறு, பஞ்சாங்கத்தை இவ்வளவு நுணுகி ஓதிய காலம் என் வாழ்வில் வேறில்லை. தலைவர் ஆவுடையப்பன் வீடுதேடி வந்து என் கையைப் பற்றிக்கொண்டார்: “அண்ணாச்சி, ஒங்க வாயத் தொறந்துராதிய. ஊரே ஒங்கள நம்பியிருக்கு.” என் வாயை மூடியிருக்கும்படி ஊரார் பலமுறை கேட்டதுண்டு, மரியாதையோடு கேட்டது அதுவே முதன்முறை. நெகிழ்ந்துபோனேன்.

இதற்கிடையில் கிராசிந்தா அம்மையார் யாரிடமும் வழக்காடவில்லை. முப்புடாதியோடு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு நாள்தோறும் ஊற்றடி வரிசையில் நின்றார். தம் தோட்டத்துத் தண்ணீருக்குத் தாமே வரிசையில் நின்றார். முன்னால் புகுந்தவரை, மற்றப் பெண்களைப் போலவே, இடுப்பில் கைவைத்து ஏசினார். அதற்கு வேண்டிய சொற்களைத்தான் முதலில் கற்றார். கிராசம்மா என்று அவருக்குப் பெயராயிற்று. பிறகு ஒருநாள் வரிசையில் நின்ற ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாளாம்:

“கிராசம்மா, ஒங்க ஊருல இப்ப தண்ணிக்கு என்ன செய்யுதாவ?”

வரிசையில் பொறுக்கிய தமிழைக் கொண்டு அவர் சொன்னாராம்: “எங்க ஊரு. இப்ப. லாரி.”

பின்னர் விரல்களால் காட்டினாராம்: இருட்டு, எழுந்து ஓடுதல், குடத்தை வரிசையில் வைத்தல், வண்டி வராமை.

அவ்வளவுதான் பேச்சு என்று முப்புடாதி சொல்கிறாள். நீர் ஓடிக்கொண்டேயிருந்ததாம். பிறகு பக்கீர் முகைதீனின் மனைவி ரொக்கையா தன் குடத்திலிருந்ததை ஊற்றிலேயே திரும்பக் கவிழ்த்தாராம்.

அன்று நண்பகலில் முப்புடாதி என் முன்னே வந்து நின்றபோது நான் பஞ்சாங்கத்தில் இருந்தேன்.

“ஏங்க, நம்ம வீட்டுலருந்து போற விருந்த வெறுங்கையோட அனுப்புனதுண்டா?”

“இல்லை.”

“அப்ப எந்திரிங்க. ஊரே தண்ணி தூக்கிட்டு வந்திருக்கு. தொட்டி, அண்டா, குடம்னு சேத்து வச்சிருந்ததெல்லாம் ஊத்தியாச்சு. தோட்டம் அது பாட்டுக்கு நிக்கிது. நீங்க ஊத்துனாத்தான் போகும்போல.”

“யார் முடிவு செய்தது? தலைவரைக் கேட்டீர்களா?”

“அவரு என்னைக்குக் கொடம் தூக்குனாரு?” என்றாள். பிறகு சற்றுத் தணிந்து, “நீங்களுந்தான்” என்றாள்.

நிரம்பிய குடம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். இத்தனை ஆண்டுகளில் அதை நான் தூக்கியதில்லை. இடுப்பில் அது எங்கே நிற்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை. தோளில் வைத்தேன், தலையில் வைத்தேன், கடைசியில் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மேலத்தெருவில் நடந்தேன். சட்டை நனைந்தது. தேநீர்க் கடையிலிருந்தவர்கள் எழுந்து நின்றனர், ஆனால் இம்முறை இடம் தருவதற்காக அன்று. “அண்ணாச்சி, வேண்டாம்” என்று தலைவர் பின்னால் ஓடிவந்தார். “சிந்தாமப் போவும்வே, பாதி ரோட்டுலயே போவுது” என்றார் பக்கீர் முகைதீன்.

ஊற்றடியில் பெண்கள் விலகி வழிவிட்டனர். தோட்டம் நின்றது. எலுமிச்சை மரங்கள் என்னைப் பார்த்தன என்று எழுத ஆசை. அவை எதையும் பார்க்கவில்லை, காத்திருந்தன, விருந்தினர் கையலம்பிவிட்டு வாயிலில் காத்திருப்பதைப் போல. நான் ஒரு வழியனுப்பு உரையை மனத்துள் அமைத்திருந்தேன். ‘நிழலுக்கும் நீருக்கும் நிலைக்களனாகிய நின்னை’ என்பது அதன் தொடக்கம். கடைசியாக ஒருமுறை, முழு ஊரும் கேட்க, நான் பேசக்கூடிய இடம் அது. இதைக் கவிழ்த்துவிட்டால் மறுநாள் முதல் நான் பண்டகசாலைதான், ‘த-ந’தான், அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குடம் கனத்தது. கிராசம்மா என்னைப் பார்த்தார், கெஞ்சவில்லை, அவர் நின்றிருந்தது அப்போதும் வரிசையில், தம் முறைக்காக.

“பேசாம ஊத்துங்க” என்றாள் முப்புடாதி.

ஊற்றினேன். பாதி நீரூற்றிலும் பாதி மடைக்காரசாமியின் வேட்டியிலும் விழுந்தது. “போய் வாருங்கள்” என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது, அதுவும் மேடைக் குரலில் வரவில்லை.

தோட்டம் வேர்களை ஒவ்வொன்றாக, தரையைக் காயப்படுத்தாமல் எடுத்துக்கொண்டது. மங்கையர் சேலையோடே போயினர். ஆட்டு வேலிகள் முன்னே நடந்தன; சில மெய்யான ஆடுகளும் அவற்றோடு போய், விலக்குவரை சென்று, முகைதீன் கூப்பிட்டதும் திரும்பிவந்தன. கிராசம்மா நீலச்சுவரின் ஓரமாக நடந்தார். பெண்கள் ஊர் எல்லைவரை உடன் சென்றனர். வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் குடங்களை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் முனைக்குச் சென்று, வழக்கமான இடங்களில் வைத்தனர். நானும் எங்கள் குடத்தை எடுத்துச் சென்றேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கொண்டு வைத்தேன். இடுப்பில் கைவைத்து ஒருத்தி ஏசினாள். கடைசியில் போய் நின்றேன்.

ஊரை விட்டுத் தண்ணீர் போயிற்றே என்று அலைபேசியில் மன்றாடி, அன்று மாலையே முதல் லாரி வரும் என்று தலைவர் வாக்கு வாங்கியிருந்தார். இவ்விவகாரம் தீர்ந்த நாள் விகாரி ஆண்டு, ஆவணித் திங்கள் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. லாரி வரவில்லை.